நடிகையின் நிதிக் குழுவா, நேரே வேட்பாளரா? 250 டாலரை எங்கே கொடுக்கலாம்

தேர்தல் ஆண்டு பிறந்துவிட்டால் அமெரிக்காவில் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது. ‘இன்று நள்ளிரவோடு கெடு முடிகிறது, 15 டாலராவது போடுங்கள்’ என்று முன்பின் தெரியாத வேட்பாளர்கள் கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஜனநாயகக் கட்சியின் செனட் குழு ஒரு பக்கம், சுற்றுச்சூழல் அமைப்புகள் ஒரு பக்கம், நடுவில் ஒரு நடிகையின் பெயரிலேயே ஒரு நிதிக் குழு. முற்போக்கு வேட்பாளர்கள் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, அள்ளிக் கொடுக்கிற வசதி இல்லை, கையில் இருப்பது 250 டாலர். அதை எங்கே போட்டால் உருப்படியாக வேலை செய்யும்?

நடிகையின் குழு என்று நான் எடுத்துக்கொள்வது ஹாலிவுட் நடிகை ஜேன் ஃபோண்டாவின் ‘ஜேன் ஃபோண்டா க்ளைமேட் பிஏசி’. பிஏசி என்றால் தேர்தலுக்காகப் பணம் திரட்டும் அரசியல் நிதிக் குழு. 2022-இல் ஆரம்பித்தார்கள். அதற்கு எதிரில் வைத்துப் பார்க்கப்போவது மூன்று வழிகளை: வேட்பாளருக்கே நேரடியாகக் கொடுப்பது, கட்சியின் குழுவுக்குக் கொடுப்பது, வரம்பில்லாமல் பணம் வாங்கும் சூப்பர் பிஏசிக்குக் கொடுப்பது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருவநிலை மாற்றம் குறித்து ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைக்கிறவன் நான். எதிர்முகாமில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் கணக்கு மட்டும்தான் பயன்படும்.

முதலில், கொடுக்கத் தகுதி இருக்கிறதா?

அதிபர் தேர்தலாக இருந்தாலும் சரி, ஊர் மேயர் தேர்தலாக இருந்தாலும் சரி, அமெரிக்கத் தேர்தலுக்குப் பணம் கொடுக்க சிட்டிசன்ஷிப்போ கிரீன் கார்டோ இருந்தாக வேண்டும். ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 விசாக்களில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. நம்மவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். “என் பேர்ல வேணாம், நீங்க உங்க கார்டுல போட்டுடுங்க, நான் உங்களுக்கு அனுப்பிடறேன்” என்று கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பரிடம் சொன்னால், அவரையும் சேர்த்து வம்பில் மாட்டிவிடுகிறீர்கள். அடுத்தவர் பெயரில் தேர்தல் நன்கொடை கொடுப்பது தனியாக ஒரு குற்றம்.

மத்திய அரசோடு சொந்தப் பெயரிலேயே ஒப்பந்தம் போட்டு வேலை பார்க்கும் கன்சல்டன்ட்டுகளுக்கும் ஃபெடரல் தேர்தல்களில் தடை உண்டு. அப்படி ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்குத் தடை இல்லை. அப்புறம், இது கோயில் நன்கொடை மாதிரி வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் பணம் அல்ல. 250 கொடுத்தால் 250 போனதுதான்.

ஜேன் ஃபோண்டாவின் குழு

ஃபோண்டாவுக்கு இது முதல் முயற்சி இல்லை. 1976-இல் அப்போதைய கணவர் டாம் ஹெய்டனோடு சேர்ந்து கலிபோர்னியாவில் ஓர் அரசியல் அமைப்பை நடத்த ஆரம்பித்தார். 1982-இல் வெளிவந்து வீட்டுக்கு வீடு ஓடிய அவருடைய உடற்பயிற்சி வீடியோவை நம்மில் சிலர் பார்த்திருப்போம். அந்தத் தொழிலில் வந்த லாபம் போன இடம் இந்த அமைப்புதான். சான்டா மோனிகாவில் வாடகைக் கட்டுப்பாட்டை ஆதரித்த நகரசபை உறுப்பினர்களுக்குப் பின்னால் நின்றார்கள். அதே 1982-இல் ஹெய்டன் மாநிலச் சட்டசபைக்குப் போனார். அதிபர் தேர்தல் வெளிச்சத்தை விட்டுவிட்டு நகரசபை, சட்டசபை என்று கீழ்மட்டத்தில் வேலை செய்யும் பழக்கம் அப்போதே அவருக்கு வந்துவிட்டது.

2019-இல் வாஷிங்டனில் வெள்ளிக்கிழமைதோறும் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகே மறியல் செய்து கைதானார். 82-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளும் கைதுதான். சட்டங்கள் நிறைவேறாமல் போவதற்கு எண்ணெய், எரிவாயு நிறுவனங்களிடம் பணம் வாங்கும் உறுப்பினர்களே காரணம், அவர்கள் மனது மாறாது என்றால் ஆளையே மாற்ற வேண்டும் என்பது அவருடைய வாதம். அதற்காகத் தொடங்கியதுதான் இந்த நிதிக் குழு. நாடு முழுவதும் சட்டசபை, நகரசபை, மாவட்ட அளவில் பருவநிலைக் கொள்கைகளை ஆதரிக்கும் வேட்பாளர்களைத் தேடிப்பிடித்து ஆதரிப்பது அதன் வேலை.

கீழ்மட்டம் ஏன் முக்கியம் என்று யோசிப்பவர்கள் டெக்சஸைப் பார்க்கலாம். அங்கே எண்ணெய், எரிவாயுத் துறையைக் கட்டுப்படுத்தும் அமைப்பின் பெயர் டெக்சஸ் ரயில்ரோடு கமிஷன். மூன்று பேர், ஆளுக்கு ஆறாண்டுப் பதவி, மாநிலம் முழுவதும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரயிலுக்கும் அதற்கும் இப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயரை மட்டும் மாற்றவே இல்லை. வாக்குச்சீட்டில் அந்த இடத்துக்கு வரும் ஆஸ்டின் வாக்காளர் ‘ரயில்வேக்கு யார் வந்தால் என்ன’ என்று கடந்து போனால் அவரைக் குறை சொல்ல முடியுமா? ஜார்ஜியாவில் மின்சாரக் கட்டணத்தையும் எந்த மாதிரி மின்நிலையம் கட்டுவது என்பதையும் முடிவு செய்கிற பொதுச்சேவை ஆணையத்துக்கும் தேர்தல்தான். 2025 நவம்பரில் அதில் இரண்டு இடங்களை ஜனநாயகக் கட்சி பிடித்தது. கரண்ட் பில் ஏறியதுதான் பிரசாரத்தில் பேச்சாக இருந்தது.

ஃபோண்டாவின் சொந்த மாநிலத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனைக்கு 3,200 அடிக்குள் புதிய எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது என்று 2022-இல் கலிபோர்னியா சட்டசபை ஒரு சட்டம் போட்டது. எண்ணெய் நிறுவனங்கள் கையெழுத்து வேட்டை நடத்தி அதை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுத்துச் சென்று, சட்டம் அமலுக்கு வராமல் நிறுத்திவைத்தன. சட்டத்தைக் காப்பாற்ற மேடையேறியவர்களில் ஃபோண்டாவும் இருந்தார், குடியரசுக் கட்சி முன்னாள் ஆளுநர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரும் இருந்தார். 2024 ஜூனில் நிறுவனங்களே வாக்கெடுப்பிலிருந்து பின்வாங்கின. வாஷிங்டனில் யார் ஆட்சி செய்தாலும் இந்தச் சண்டை நடந்தது சட்டசபையில்.

இந்தக் குழுவுக்குக் கொடுக்கும்போது நீங்கள் வாங்குவது ஃபோண்டாவின் புகழை அல்ல, ஒரு பட்டியலை. நார்த் கரோலினாவில் எந்தச் சட்டசபைத் தொகுதி நூலிழையில் நிற்கிறது, அங்கே இருக்கும் வேட்பாளர் மேடையில் மட்டும் பச்சைக்கொடி பிடிப்பவரா, முன்பு ஓட்டெடுப்பில் என்ன செய்தார் என்பதையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து தேட நம்மில் எத்தனை பேருக்கு நேரம் இருக்கிறது? அந்த வேலையைச் சம்பளம் வாங்கும் ஆட்கள் செய்கிறார்கள். நடிகையின் பெயர் செய்யும் உபகாரம் வேறு. மற்ற குழுக்கள் விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை, அவர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் உட்கார்ந்து மிச்சம் பிடித்துவிடுவார்.

குறையும் அதே பெயரில்தான் இருக்கிறது. 1972-இல் வியட்நாம் போரின்போது ஃபோண்டா எதிரி நாடான வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்குப் போனார். அங்கே விமான எதிர்ப்புப் பீரங்கியின் மேல் உட்கார்ந்திருக்கும் அவருடைய புகைப்படம் அரை நூற்றாண்டாகத் துரத்துகிறது. அந்தப் படத்துக்காக 1988-இல் தொலைக்காட்சியில் முன்னாள் வீரர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகும் பலர் மன்னிக்கவில்லை. முன்னாள் ராணுவத்தினர் நிறைந்த ஒரு தொகுதியில் நூலிழைப் போட்டி நடக்கும்போது, வேட்பாளரின் வரவுக் கணக்கில் அவருடைய பெயரைத் தாங்கிய குழு இருந்தால், எதிராளிக்கு ஒரு விளம்பரம் இலவசம். அப்படிப்பட்ட வேட்பாளருக்கு உங்கள் பெயரில் போகும் 50 டாலர், ஃபோண்டா பெயரில் போகும் 1,000 டாலரைவிடப் பாதுகாப்பானது. பெருநகரத் தொகுதிகளில் இந்தக் கவலை கிடையாது.

இன்னொரு கேள்வி, நட்சத்திரங்களின் குழுக்கள் நிலைக்குமா என்பது. 1984-இல் ஹாலிவுட்டில் பெண்களே சேர்ந்து ஓர் அரசியல் நிதிக் குழுவை அமைத்தார்கள். பாடலாசிரியர் மேரிலின் பெர்க்மனும் பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டும் அதன் முகங்களில் முக்கியமானவர்கள். 1986 செப்டம்பரில் மாலிபுவில் ஸ்ட்ரைசாண்ட் தன் வீட்டு வளாகத்திலேயே கச்சேரி வைத்தார். ஜோடிக்கு 5,000 டாலர் டிக்கெட். ஒரே ராத்திரியில் சுமார் 15 லட்சம் டாலர் சேர்ந்தது. ஜனநாயகக் கட்சியின் செனட் வேட்பாளர்களுக்குப் போனது. அந்த நவம்பரில் கட்சி செனட்டைத் திரும்பப் பிடித்தது. கச்சேரிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துச் செனட் தேர்தலில் அது பெரிய தொகை என்பது மட்டும் உண்மை. 1997-இல் அந்தக் குழு, அரசியலைப் பணம் பிடித்து ஆட்டுகிறது, அந்த விளையாட்டில் இனி நாங்கள் இல்லை என்று சொல்லித் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. பணம் திரட்டுவதற்காகவே பிறந்த குழு அப்படிச் சொன்னது எனக்கு இன்றுவரை வியப்புதான். ஆனால் அதற்குள் பதின்மூன்று ஆண்டு வேலை செய்துவிட்டிருந்தது. ஒரு தேர்தலுக்குக் கொடுக்கும் பணத்துக்கு அவ்வளவு ஆயுள் போதும்.

வேட்பாளருக்கு நேரே

சரி, நடுவில் ஆள் எதற்கு, வேட்பாளரின் பக்கத்துக்கே போய்க் கார்டைத் தேய்த்துவிடலாமே? அதற்கு உறுதியான காரணம் ஒன்று உண்டு. கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலுக்கு (பிரைமரி) முந்தைய 45 நாட்களும் பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களும் தொலைக்காட்சி, வானொலி நிலையங்கள் வேட்பாளர்களிடம் மிகக் குறைந்த கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வெளிக்குழுக்களுக்கு அந்தச் சலுகை கிடையாது; சந்தையில் என்ன விலையோ அதுதான். கடைசி வாரங்களில் அது சில மடங்கு எகிறிவிடும். ஒரே 30 நொடி விளம்பரத்துக்கு வேட்பாளரின் டாலரும் சூப்பர் பிஏசியின் டாலரும் சமமில்லை. அதோடு, வேட்பாளர் தன் பணத்தைத் தொலைக்காட்சிக்கே கொடுக்க வேண்டும் என்பதில்லை, அலுவலக வாடகைக்கும் வீடு வீடாகப் போகும் பையன்களின் சம்பளத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

உச்சவரம்பு நமக்குப் பிரச்சினையே இல்லை. 2025-26 சுற்றில் ஒரு ஃபெடரல் வேட்பாளருக்குத் தனிநபர் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரை கொடுக்கலாம். உட்கட்சித் தேர்தலும் பொதுத்தேர்தலும் தனித்தனிக் கணக்கு. மாநிலத் தேர்தல்களில் அந்தந்த மாநிலச் சட்டம். வர்ஜீனியாவில் வரம்பே கிடையாது.

நேரே கொடுப்பதில் ஆபத்து, நம் கோபமே நம் பணத்தை வழிநடத்திவிடுவது. 2020-இல் குடியரசுக் கட்சியின் செனட் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானலைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வெறியில் நாடெங்கும் உள்ள முற்போக்காளர்கள் கென்டக்கியின் ஏமி மெக்ராத்துக்குக் கொட்டினார்கள். ஒன்பது கோடி டாலர் சேர்ந்தது. சுமார் 20 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றார். அதே ஆண்டு சவுத் கரோலினாவில் ஜேமி ஹாரிசன் மூன்றே மாதத்தில் ஐந்தரைக் கோடிக்கு மேல் திரட்டி, செனட் வேட்பாளர்களுக்கு அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். குடியரசுக் கட்சியின் லிண்ட்சி கிரஹாமிடம் பத்துப் புள்ளியில் தோற்றார். இரண்டுமே எதிராளியின் மேல் இருந்த எரிச்சலுக்குக் கொடுத்த பணம். அந்தத் தொகுதியில் ஜெயிக்க வாய்ப்பிருக்கிறதா என்று பார்த்தவர்கள் குறைவு.

இதை வர்ஜீனியாவோடு வைத்துப் பாருங்கள். 2017-இல் அந்த மாநிலச் சட்டசபையின் 94-ஆவது தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸும் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சியும் சமமான வாக்குகள் வாங்கினார்கள். மறு எண்ணிக்கை, நீதிமன்றம் எல்லாம் முடிந்து, 2018 ஜனவரியில் குலுக்கல். இரண்டு பெயர்களையும் சீட்டில் எழுதி, பழைய ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, அருங்காட்சியகத்திலிருந்து இரவல் வாங்கிய ஒரு மண்கிண்ணத்தில் வைத்துக் குலுக்கி எடுத்தார்கள். யான்சியின் பெயர் வந்தது. குடியரசுக் கட்சி 51-49 என்று சபையைத் தக்கவைத்தது. உத்திரமேரூர் கல்வெட்டில் குடவோலை முறையைப் படித்துவிட்டு வந்த நமக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தொகுதியில் இன்னும் ஒரே ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் கிண்ணத்துக்கு வேலை வந்திருக்காது. கென்டக்கிக்குப் போன ஒன்பது கோடியில் ஒரு துளி இப்படிப்பட்ட தொகுதிகளுக்குப் போயிருந்தால் என்னவெல்லாம் மாறியிருக்கும் என்று கணக்குப் போட்டால் தூக்கம் வராது.

ஆகவே நேரே கொடுப்பதென்றால் தொகுதியைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். உங்கள் சொந்தச் சட்டசபைத் தொகுதி என்றால் அது எளிது. வேட்பாளர் நூலகத்தில் கூட்டம் போடுவார், கேள்வி கேட்கலாம், 100 டாலர் கொடுத்தவரை நேரில் பார்த்தால் நன்றி சொல்வார். செனட் வேட்பாளரிடம் அது நடக்காது.

கட்சியின் குழுக்கள்

ஜனநாயகக் கட்சிக்கு செனட்டுக்கு ஒரு குழு, கீழவைக்கு ஒரு குழு, மாநிலச் சட்டசபைகளுக்கு ஒரு குழு என்று தனித்தனியாக உண்டு. எண்ணிக்கைதான் அவர்களுக்கு எல்லாமே, அது தப்பும் இல்லை. 2022-இல் மின்னசோட்டா மாநில செனட்டை 34-33 என்று ஒரே இடத்தில் பிடித்தார்கள். சில மாதத்திலேயே, 2023 பிப்ரவரியில், 2040-க்குள் மாநிலத்தின் மின்சாரம் முழுவதும் கார்பன் இல்லாததாக இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. அதே தேர்தலில் பென்சில்வேனியாக் கீழவை 102-101. இந்த மாதிரிப் போட்டிகளில் எந்தத் தொகுதிக்கு எப்போது பணம் போக வேண்டும் என்று கட்சிக் குழுவுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முற்போக்காளருக்கு இதில் உறுத்துவது வேறு விஷயம். கட்சிக் குழு முதலில் தன் நடப்பு உறுப்பினர்களைக் காப்பாற்றும். அவர் எண்ணெய் நிறுவனப் பணம் வாங்குகிறவரா என்று கேட்காது. 2019-இல் கீழவைக் குழு, நடப்பு உறுப்பினர்களை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நிற்பவர்களுக்கு வேலை செய்யும் ஆலோசகர்களோடு வியாபாரம் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று அறிவித்தது. பெரிய சண்டையாகி, 2021-இல்தான் கைவிட்டார்கள். முற்போக்காளர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் 2018-இல் நடப்பு உறுப்பினர் ஜோ கிரவ்லியைத் தோற்கடித்ததே அப்படி ஓர் உட்கட்சித் தேர்தலில்தான். கட்சிக் குழுவுக்குக் கொடுத்த பணம் இன்னொரு ஒகாசியோ-கோர்ட்டெஸை உருவாக்காது. பெரும்பான்மை வேண்டுமா, கொள்கைப் பிடிப்பான ஆட்கள் வேண்டுமா என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எனக்கு நவம்பரில் முதலாவது, உட்கட்சித் தேர்தல் மாதங்களில் இரண்டாவது.

சூப்பர் பிஏசி

இதில் அதிக நேரம் செலவிட மாட்டேன். 2010-இல் வந்த இரண்டு நீதிமன்றத் தீர்ப்புகளின் விளைவு இவை. வரம்பில்லாமல் வாங்கலாம், செலவு செய்யலாம். வேட்பாளருக்குக் கொடுக்கக் கூடாது, அவரோடு கலந்து பேசக் கூடாது. ‘கலந்து பேசக் கூடாது’ என்பது எவ்வளவு பெரிய கேலிக்கூத்து என்று காட்டுவதற்காகவே நகைச்சுவை நடிகர் ஸ்டீபன் கோல்பேர் 2011-இல் ஒரு சூப்பர் பிஏசி ஆரம்பித்து, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, தான் ‘வேட்பாளராக’ வேண்டும் என்றதும் நண்பர் ஜான் ஸ்டூவர்ட்டிடம் தொலைக்காட்சியிலேயே சாவியைக் கொடுத்தார். கடைசியில் மீதிப் பணம் தர்ம காரியங்களுக்குப் போனது. பிரமுகர் நடத்திய நிதிக் குழுக்களிலேயே பணம் கொடுத்தவர்களுக்குச் சிரிப்பாவது கிடைத்தது இதில்தான்.

மற்ற சூப்பர் பிஏசிகள் கோடீஸ்வரர்களின் மைதானம். 2024-இல் நியூயார்க்கில் ஜமால் போமன் என்ற முற்போக்கு உறுப்பினரைத் தோற்கடிக்க ஒரே ஒரு சூப்பர் பிஏசி 1.4 கோடி டாலருக்கு மேல் இறக்கியது, தோற்கடித்தும் காட்டியது. அந்த மாதிரிக் கணக்கில் நம் 250 டாலர் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் தெரியாது. விளம்பரக் கட்டணச் சலுகையும் இல்லை. விட்டுவிடுங்கள்.

கணக்கைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்

எந்தக் குழுவாக இருந்தாலும் ஃபெடரல் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பெயரைத் தட்டினால் வரவு செலவு வந்துவிடும். பிரமுகர் பெயரை வைத்துப் பணம் திரட்டி, திரட்டிய பணத்தை மேலும் பணம் திரட்டவே செலவழிக்கும் மோசடிக் குழுக்களும் இருக்கின்றன, அதனால் இது அவசியம். அறிக்கையில் வரி (line) 21 நிர்வாகச் செலவு, வரி 23 ஃபெடரல் வேட்பாளர்களுக்கும் மற்றக் குழுக்களுக்கும் கொடுத்தது, வரி 24 தானாகச் செய்த விளம்பரச் செலவு. 21 மட்டும் வீங்கி, 23-உம் 24-உம் காய்ந்து கிடந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

ஆனால் கீழ்மட்டத் தேர்தல்களைக் குறிவைக்கும் ஃபோண்டா குழு மாதிரியானவற்றை இப்படி மட்டும் பார்த்தால் அநியாயமாகிவிடும். சட்டசபை, நகரசபை வேட்பாளர்களுக்குக் கொடுக்கும் பணம் வரி 23-இல் வராது. அது வரி 29-இல், ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வரியைத் திறந்து, யார் யாருக்கு எவ்வளவு என்று பெயர் பெயராகப் பாருங்கள். ஜெயிக்கவே முடியாத இடத்துக்குப் போகிறதா, தோற்கவே முடியாத இடத்துக்குப் போகிறதா, நடுவில் நிற்கும் தொகுதிக்குப் போகிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். நான் ஒரு குழுவை நம்புவதும் நம்பாததும் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான்.

உங்கள் பெயரும் அதே தளத்தில் வரும். ஒரே குழுவுக்கோ வேட்பாளருக்கோ கொடுத்தது மொத்தம் 200 டாலரைத் தாண்டினால் பெயர், முகவரி, வேலை, முதலாளி எல்லாம் பகிரங்கம். 250-ஐப் பிரித்துக் கொடுத்தால் வராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி: ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களுக்கு இணையத்தில் பணம் வாங்கித் தரும் ஆக்ட்ப்ளூ தளம் வழியாக ஃபெடரல் வேட்பாளருக்கு 5 டாலர் போட்டாலும், ஆக்ட்ப்ளூ தன் அறிக்கையில் உங்கள் பெயரோடு காட்டிவிடும். மேலாளருக்குத் தெரியக் கூடாது என்று யோசிப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியலை எடுத்து வேறு யாரும் பணம் கேட்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. திருடுகிறவர்களைப் பிடிக்க, ஒவ்வொரு அறிக்கையிலும் பத்துப் பொய்ப் பெயர்கள் வரை கலந்துவைக்கக் குழுக்களுக்கு அனுமதிகூட உண்டு. ஆனால் நீங்களே கொடுத்த கைப்பேசி எண்ணை ஒரு குழு இன்னொரு குழுவுக்கு விற்பதை அந்தச் சட்டம் தடுக்காது. எண் கேட்கும் கட்டம் கட்டாயமில்லை என்றால் காலியாக விடுங்கள். மாதாமாதம் கழித்துக்கொள்ளும் தேர்வு தவறுதலாக விழுந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

அப்படியானால் 250 டாலரை எப்படிப் பிரிப்பது?

உங்கள் சட்டசபைத் தொகுதியில் உண்மையான போட்டி இருக்கிறது, வேட்பாளரையும் பிடித்திருக்கிறது என்றால் முழுப் பணத்தையும் அவருக்கே கொடுத்துவிடுவேன். கோடைக்கு முன்பே கொடுப்பேன். அக்டோபர் கடைசியில் வரும் பணத்தை வைத்து ஆள் சேர்க்க நேரமிருக்காது, மிச்ச விளம்பர நேரத்தை வாங்கத்தான் உதவும்.

நியூ ஜெர்சியிலோ கலிபோர்னியாவிலோ, யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே தெரிந்த தொகுதியில் குடியிருக்கிறீர்கள் என்றால் நடிகையின் குழு நல்ல வழி. பருவநிலைதான் உங்கள் முதல் கவலை, வேறு மாநிலங்களை ஆராய நேரமில்லை என்றால் இன்னும் பொருத்தம். நானானால் வரி 29-ஐப் பார்த்துவிட்டு 150 அங்கே கொடுப்பேன். மீதி 100-ஐ, அவர்களுடைய பட்டியலிலிருந்தே, ஃபோண்டாவின் பெயர் பாரமாக இருக்கக்கூடிய ஒரு கிராமப்புற வேட்பாளரைத் தேர்ந்து, அவருக்கு என் பெயரில் நேராக அனுப்புவேன். பட்டியல் பொதுவில்தானே இருக்கிறது.

பருவநிலையைவிடச் சபையில் பெரும்பான்மை கிடைப்பதே பெரிது என்று நினைப்பவர்கள், செனட் குழுவையும் கீழவைக் குழுவையும் விட்டுவிட்டு மாநிலச் சட்டசபைகளுக்கான கட்சிக் குழுவுக்குக் கொடுக்கலாம். அங்கேதான் சின்னத் தொகைக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

ஹெச்-1பியில் இருப்பவர்களுக்குப் பணம் கொடுக்கத்தான் தடை. சம்பளம் வாங்காமல் சனிக்கிழமை காலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கதவு தட்டப் போகலாம். பணத்தை எப்படிச் செலவிடுவது, யாரை நிறுத்துவது போன்ற முடிவுகளில் மட்டும் கலந்துகொள்ளக் கூடாது. எந்தத் தெரு, எத்தனை மணிக்கு என்பதை அந்தத் தொகுதியின் பிரசார அலுவலகத்தில் சொல்லிவிடுவார்கள்; தண்ணீர் பாட்டிலும் நடக்கிற செருப்பும் நம்முடையது.